அரை லிட்டர் நானோ யூரியா ஒரு மூட்டைக்கு ஈடாகுமா? ஆய்வுக் கட்டுரைகள் சொல்வது என்ன?

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கழனிகளில் நெல்லுக்கு மேலுரம் இடும் நேரம் வந்தால் உழவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "ஒரு மூட்டை யூரியாவுக்குப் பதிலா அரை லிட்டர் நானோ பாட்டில் போதுமா சார்?"

யூரியா கேட்டால் பாட்டிலையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள் என்ற புகார் நாட்டின் பல இடங்களிலும் எழுந்தது. இப்படிக் கட்டாயப்படுத்தி விற்பதைத் தடுக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் எல்லா மாநில முதல்வர்களுக்கும் கடிதம் எழுதினார். ஆகவே பாட்டில் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். அந்த முடிவை விளம்பரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். அளந்து பார்த்து, அளந்த முறையையும் சேர்த்து வெளியிட்ட ஆய்வுகளைப் பார்த்து எடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. 2021-ல் இஃப்கோ வெளியிட்ட நானோ யூரியாவில் 4 சதவீதம். அரை லிட்டர் பாட்டிலில் 20 கிராம். பின்னர் வந்த 'நானோ யூரியா பிளஸ்' பாட்டிலில் 20 சதவீதம், அதாவது 100 கிராம்.

மண்ணில் இடும் யூரியாவில் பெரும்பகுதி வீணாகிறது என்பது உண்மை. மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் அது ஏறக்குறைய 7 கிலோ. பாட்டிலில் உள்ளது ஒரு சொட்டு வீணாகாமல் இலைக்குள் போனாலும் 20 கிராம் அல்லது 100 கிராம்தான். ஏக்கருக்கு 2 டன் நெல் எடுத்தால், அந்த நெல்மணியில் மட்டும் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கும். அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

இதை எப்படி அளக்கிறார்கள்?

டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் யோஹான் ஜெல்டால். தானியத்தில் உள்ள புரதத்தை அளக்க அவர் ஒரு வழி கண்டார். தானியத்தைக் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள தழைச்சத்தை அம்மோனியாவாகப் பிரித்து அளக்கும் முறை அது. அதை 1883-ல் ஜெர்மனியின் பகுப்பாய்வு வேதியியல் இதழில் முழுச் செய்முறையோடு வெளியிட்டார். இன்றும் தானியம், தீவனம், உரம் ஆகியவற்றின் தழைச்சத்தை அளக்க இந்த முறை உலகெங்கும் பயன்படுகிறது.

நம் மண்ணுக்கும் இப்படி ஒன்று உண்டு. மண்வள அட்டையில் 'கிடைக்கும் தழைச்சத்து' என்று ஓர் எண் இருக்கும். பல ஆய்வகங்கள் அதை அளப்பது, சுப்பையா, அசிஜா இருவரும் 1956-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்ட முறைப்படிதான்.

செய்முறையை வெளியிடுவதால் நமக்கு என்ன லாபம்? ஒருவர் சொன்ன எண்ணை இன்னொருவர் அதே வழியில் அளந்து சரிபார்க்கலாம். தவறு இருந்தால் வெளியே வந்துவிடும்.

நானோ யூரியாவில் நடந்தது

94 பயிர்களில், சுமார் 11,000 உழவர் வயல்களில் சோதித்ததில் சராசரியாக 8 சதவீதம் விளைச்சல் கூடியது என்று இஃப்கோ அறிவித்தது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நிறுவனம் சொன்ன முறையையே பின்பற்றி 2 ஆண்டுகள் வயலில் சோதித்தார்கள். நெல் விளைச்சல் 13 சதவீதமும் கோதுமை விளைச்சல் 21.6 சதவீதமும் குறைந்தன. மணியை ஆய்வகத்தில் அளந்தபோது தழைச்சத்து நெல்லில் 17 சதவீதம், கோதுமையில் 11.5 சதவீதம் குறைவாக இருந்தது.

2023-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் ஃபிராங்க், சோரன் ஹஸ்டெட் இருவரும் 'பிளான்ட் அண்ட் சாயில்' இதழில் எழுதிய கட்டுரையில், நானோ யூரியா பற்றிச் சொல்லப்படுபவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். இஃப்கோ இந்த விமர்சனங்களை ஏற்கவில்லை.

பஞ்சாப் மண் வேறு, நம் மண் வேறு என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். ஆனால் 13 சதவீத இழப்பு இங்கே நேர்ந்தால் 2 டன்னில் 260 கிலோ போய்விடும். குவிண்டால் 2,500 ரூபாய் என்றால் 6,500 ரூபாய். 266 ரூபாய் 50 காசு மூட்டையை மிச்சம் பிடிக்கப் போய் இதை இழக்க வேண்டுமா?

நீங்கள் செய்ய வேண்டியது

1. மண் பரிசோதனை செய்து, அதன்படி உரமிடுங்கள். மேலுரம் எப்போது தேவை என்பதை இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். யூரியா மிச்சமாக இதுவே நல்ல வழி.

2. இலைவழி ஊட்டம் தேவைப்பட்டால் சாதாரண யூரியாவையே தெளிக்கலாம். 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா கரைத்தால் 1 சதவீதக் கரைசல். இதில் 920 கிராம் தழைச்சத்து இருக்கிறது. செலவு 12 ரூபாய்தான். நானோ பாட்டில் 225 ரூபாய். ஆனால் இந்தத் தெளிப்பும் மேலுரத்துக்குத் துணைதான், மாற்று இல்லை.

3. நானோவைச் சோதிக்க விரும்பினால் முழுக் கழனியிலும் இறங்காதீர்கள். 5 சென்ட் வீதம் மூன்று பாத்திகள் எடுங்கள். தண்ணீர் கலக்காமல் நடுவே வரப்பு போடுங்கள். ஒன்றில் முழு யூரியா. இரண்டாவதில் யூரியாவைக் குறைத்து நானோ. மூன்றாவதில் அதே அளவு குறைத்த யூரியா மட்டும், தெளிப்பு வேண்டாம். மூன்றாவது பாத்தியை விட்டுவிடாதீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே எடை தந்தால், விளைந்தது மண்ணில் இருந்த சத்தால், பாட்டிலால் அல்ல. அறுவடையில் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள்.

4. உரத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். வேண்டாத பாட்டிலைத் திணித்தால் வட்டார வேளாண் உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

அடுத்த முறை எந்தப் புதிய உரத்தை, எந்த மருந்தை யார் கொண்டுவந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எதை அளந்தீர்கள்? எந்த முறையில் அளந்தீர்கள்? அதை எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள்? பதில் கிடைத்தால் எழுதி வாங்கி, வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். அதற்குப் பிறகு பணத்தை எடுங்கள்.