15 டாலர் கம்பி



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறான். "டீச்சர், நாங்க போட்ட டிராயிங்ல இருந்து ஒரு சின்ன பாகத்தை எடுக்கச் சொல்றாங்க. பீசுக்குச் சில ரூபாய் மிச்சமாகுமாம். 'இது இல்லாட்டியும் பரவாயில்லை'ன்னு நான் கையெழுத்துப் போடணுமாம். என்ன செய்யட்டும்?" என்றான்.

சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியறியாத என்னிடம் கேட்கிறான்! உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு பேரனோடு உட்கார்ந்து பழைய கார்களைப் பற்றிப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது. அவற்றில் ஒரு கார் இரவு முழுக்க மனதில் ஓடியது. அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே பிரிவு 1959 கடைசியில் கார்வேர் என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. எட் கோல் என்ற பொறியாளரின் கனவு அது. எஞ்சின் பின்பக்கம், அலுமினியம், தண்ணீர் வேண்டாம், காற்றிலேயே குளிரும். மீன் துடுப்பு மாதிரி வால் வைத்த நீளக் கார்கள் ஓடிய நாட்டில் அடக்கமான, அழகான சின்ன கார். இன்றைக்குப் படத்தில் பார்த்தாலும் ஆசையாக இருக்கிறது.

அதன் பின் சக்கரங்களில்தான் பிரச்சினை. பாதி அச்சு ஒன்று, உள்முனையில் மட்டும் மூட்டு. வளைவில் வேகமாகத் திரும்பினால் வண்டியின் பின்பக்கம் மேலெழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும், டயர் ஓரத்தில் நிற்கும். அப்புறம் பின்பக்கம் வீசிவிடும். பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதற்காகவே முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியை வரைந்து வைத்திருந்தார்கள். வண்டி சாய்வதை அது குறைக்கும். பின்சக்கரத்தின் பாரத்தில் ஒரு பங்கை முன்னால் வாங்கிக்கொள்ளும்.

செலவைக் குறைக்க அந்தக் கம்பியை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக என்ன செய்தார்கள் தெரியுமா? முன் டயருக்கு 15 பவுண்டு காற்று, பின் டயருக்கு 26 பவுண்டு என்று கையேட்டில் எழுதினார்கள். பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையன் கையேடு படிப்பானா? எல்லா டயருக்கும் ஒரே அளவு அடித்து அனுப்புவான். கம்பெனி மிச்சம் பிடித்த வேலை, ஓட்டுகிறவன் தலையில் விழுந்தது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

1961இல் செவ்ரலேயின் தலைமைக்கு வந்த பங்கி நுட்சன், இந்தக் கம்பியைப் போடாவிட்டால் வேலையை விட்டே போகிறேன் என்று மேலிடத்தில் சண்டை போட்டதாக, அங்கே வேலை பார்த்த டெலோரியன் பின்னாளில் சொன்னார். செலவு காருக்கு 15 டாலர்தானாம். 1964 மாடலில் கம்பி வந்தது. 1965இல் பின் சஸ்பென்ஷனையே புதிதாகச் செய்தார்கள். கார் நன்றாக ஆகிவிட்டது. அதே ஆண்டு இறுதியில் ரால்ஃப் நேடரின் புத்தகம் வந்தது. முதல் அத்தியாயமே கார்வேர். அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியதற்காகக் கம்பெனித் தலைவர் 1966இல் செனட் குழு முன் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. 1969இல் கார் நின்றுபோனது. திருத்திய பிறகும் பெயர் திரும்பவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1972இல் அமெரிக்க அரசு சோதித்துப் பார்த்து, அந்தக் காலத்து மற்ற கார்களைவிடக் கார்வேர் மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது. இதைக் காட்டி வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. "மத்த பசங்களும்தானே டீச்சர் ஃபெயில்" என்று என்னிடம் சொன்னவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நான் அன்றைக்கும் அதை ஒத்துக்கொண்டதில்லை. தெரியாமல் விட்ட பிழைக்கும், வரைந்து வைத்ததை அழித்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இங்கிலாந்திலும் இந்தக் கதை உண்டு, ஆபத்தில்லாத வடிவத்தில். நம் அசோக் லேலண்டில் பங்கு வைத்திருந்த அந்த லேலண்டின் 1973 வண்டி, ஆஸ்டின் அலெக்ரோ. ஹாரிஸ் மேன் வரைந்த படத்தில் அது தாழ்வாக, ஒல்லியாக இருக்கும். கையில் இருக்கிற உயரமான எஞ்சினையும் பெரிய ஹீட்டரையும் இதற்குள்ளே அடை என்றது நிர்வாகம். கார் பன் மாதிரி உப்பிவிட்டது. ஊரே சிரித்தது, வரைந்தவர் பெயரைச் சொல்லி!

நிர்வாகம் என்றாலே கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பியைத் திரும்பப் போட வைத்த நுட்சனும் நிர்வாகிதான். கணக்குப் பார்க்காத கம்பெனி சம்பளம் கொடுக்காது, அதுவும் தெரியும். மெருகையும் மெத்தையையும் குறைக்கட்டும். ஒரு பாகம் எதற்காக இருக்கிறது என்று வரைந்தவனைக் கேட்காமல் எடுப்பதைத்தான் தப்பு என்கிறேன். கேட்டுவிட்டு, அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவனையே கையெழுத்துப் போடச் சொல்வது அதைவிடத் தப்பு.

தம்பி, உனக்கு நான் சொல்வது இதுதான். கையெழுத்துப் போடாதே. அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது, எடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பக்கத்தில் எழுது. தேதி போடு. மேலே கொடு, ஒரு நகல் வீட்டில் வை. உனக்கு இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன் இருக்கிறது என்பதை மறந்து இதை எழுதவில்லை. அதனால்தான் ஒரு வாரம் யோசித்தேன்.

(பின்குறிப்பு: போடுவதற்கு முன் அவனுக்குப் படித்துக் காட்டினேன். பெயர் இல்லாமல் போடுங்கள் டீச்சர் என்றான். எழுதிக் கொடுத்துவிட்டானாம். இன்னும் பதில் வரவில்லை.)