வரைபடம் திறந்தாச்சாம், பஞ்சமி நிலம் எங்கே?

2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கை வந்தது. மக்கள் பணத்தில் உருவான நில அளவைத் தரவுகள் பொதுச்சொத்து, எளிதில் கிடைக்க வேண்டும் என்கிறது அது. நல்ல வார்த்தைதான். ஆனால் யாருக்குக் கிடைக்க வேண்டும்? டிரோன் கம்பெனி, டெலிவரி கம்பெனி, சைட் போடுகிறவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். அவிநாசிப் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் சந்தித்த பாட்டி அந்த வரிசையில் இல்லை.

"எங்கப்பாரு உழுத பூமிங்க கண்ணு. சர்வே நெம்பரெல்லாம் நமக்கென்ன தெரியும்?" என்றார்.

தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் காசில்லாமல் பார்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போனால், ஒவ்வொன்றாகத் திறக்கும். இந்த வட்டத்தில் பஞ்சமி நிலம் எவை, இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று கேட்க அதில் வழியே கிடையாது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால், 1892இல் வந்தது பஞ்சமி நில ஆணை. பத்து ஆண்டுகள் விற்கக்கூடாது, அதன்பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. இயக்கங்கள் சொல்லும் கணக்கு 12 லட்சம் ஏக்கர். அதைக் கேட்டதற்குத்தான் 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆரில் பல ஊர்களில் அந்த நிபந்தனைக் குறிப்பே பதிவேட்டிலிருந்து உதிர்ந்துபோனது. ஆகவே இன்றைய பட்டாவை மட்டும் திறந்துவைத்தால், திருட்டுக்குப் பிந்தைய நிலையைத்தான் காட்டும். பழைய செட்டில்மெண்ட் பதிவேடும் கூடவே வேண்டும். பத்து ரூபாய் ஒட்டி ஆர்.டி.ஐ. போட்டுக் கேட்டோம். ஒரு வட்டாட்சியர் அலுவலகம் கோப்பு இல்லை என்றது, இன்னொன்று தனிநபர் தகவல் என்றது. அரசு கொடுத்த நிலம் எப்படித் தனிநபர் தகவல் ஆகும்?

திறந்துவிட்டால் புரோக்கர்களுக்குத்தானே வசதி என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான பயம். பெங்களூருவில் 'பூமி' திட்டம் பெரிய முதலாளிகளுக்கே பயன்பட்டது என்று சாலமன் பெஞ்சமினும் நண்பர்களும் 2007லேயே எழுதினார்கள். ஆனால் கோயம்புத்தூரைச் சுற்றி எந்தக் காடு என்ன விலை, எதில் வில்லங்கம் என்று புரோக்கருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது நமக்கு மட்டும்தான்.

விலை வைத்து விற்கலாமே என்கிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் லேண்ட்சாட் படம் ஒன்று 600 டாலர் அளவுக்கு விற்றது. 2008இல் இலவசமாக்கியதும் பயன்பாடு பல மடங்கு பெருகியது. இங்கே கட்டணம் வைத்தால் கம்பெனி அதைச் செலவில் எழுதிக்கொள்ளும். எங்கள் பாட்டிக்கு அது நூறுநாள் வேலையின் கூலி.

அரசிடம் நாங்கள் கேட்பது இதுதான்: கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் பஞ்சமி நிலங்களைக் கிராமவாரியாக, பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்த்து, ஒரே வரைபடத்தில், காசில்லாமல், மொத்தமாக இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுங்கள். கிராமசபையில் சுவரில் ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.