எந்தப் பாலகாட்?

கோலார் தங்க வயலில் பாலகாட் என்றொரு பகுதி உண்டு. பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று அப்பெயரிலேயே அங்குத் தங்கம் எடுத்து வந்தது. மத்தியப் பிரதேசத்திலும் பாலகாட் என்னும் மாவட்டம் இருக்கிறது. அங்கு 'மாய்ல்' என்னும் பொதுத்துறை நிறுவனம் மாங்கனீஸ் தோண்டும் சுரங்கத்தின் பெயரும் பாலகாட்டே. கோலார் வயலில் 2001 பிப்ரவரி 28 அன்று வேலை நின்றது. மற்றதில் இன்றும் ஆட்கள் இறங்குகின்றனர். "பாலகாட் சுரங்கத்தில் நீர் இறைப்பதை நிறுத்துக" என்று மட்டும் ஓர் உத்தரவு எழுதப்படுமாயின், அது எங்குப் போய்ச் சேரும்?

கம்ப்யூட்டர்களை நிர்வகிப்போர் இத்தகைய உத்தரவுகளை நாள்தோறும் எழுதுகின்றனர். சர்வர்களைத் தனித்தனியே அமைக்காமல், செய்ய வேண்டியவற்றைக் கட்டளை நிரலாக எழுதிப் பலவற்றுக்கும் ஒருங்கே அனுப்புவது இக்கால வழக்கம். எந்தக் கட்டளை எந்த சர்வருக்கு உரியது என்பதை நிரல் பெரும்பாலும் பெயரைக் கொண்டே அறிகிறது. முழுப் பெயரில் புள்ளிகள் உண்டு. முதற்புள்ளிக்கு முன்னிருப்பது யந்திரத்தின் சொந்தப் பெயர். பின்னிருப்பது அது சேர்ந்த இடமோ நிறுவனமோ ஆகும். 'அன்சிபிள்' என்னும் கருவி சர்வரை விசாரித்துத் தரும் குறும்பெயர், முதற்புள்ளிக்கு முன்பே நின்றுவிடும். உதாரணமாக, 'பாலகாட்.கோலார்', 'பாலகாட்.மாங்கனீஸ்' என்று இரு சர்வர்கள் இருப்பின், இரண்டும் அங்கு வெறும் 'பாலகாட்' ஆகிவிடும். ஒன்றன் பதிவேடுகளை அழிக்க எழுதிய கட்டளை மற்றதன் பதிவேடுகளையும் அழிக்கும். கருவி தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்தது.

குறும்பெயர் எழுத எளிது என்பர். வாய்ப் பேச்சுக்கு அது பொருந்தும். பேசுபவர் எந்த ஊரைக் கருதுகிறார் என்பது கேட்பவருக்குத் தெரியும். யந்திரத்துக்கு அத்தெளிவு இல்லை. ஆகவே சர்வர்களின் பட்டியலில் முழுப் பெயரையே எழுதி, நிரலும் அதனையே ஒப்பிட வேண்டும்.

'சம்பளம்', 'தபால்' என்று பணியையே பெயராக இடும் வழக்கமும் விரும்பத்தக்கதன்று. பணி மாறினால் பெயர் பொய்யாகும். பெயரை மாற்றினாலோ, பழைய பெயரை நம்பிய நிரல்கள் நின்றுவிடும். பணியைப் பட்டியலில் தனிக் குழுவாகக் குறிப்பதே முறை. இதில் ரயில்வேயார் கெட்டிக்காரர்கள். தங்க வயலுக்குக் கிளைப்பாதை பிரியும் பௌரிங்பேட்டை, பங்காருப்பேட்டை ஆயிற்று. நிலையத்தின் ஆங்கிலக் குறியெழுத்துக்களோ பௌரிங் துரையின் பெயரிலிருந்து எடுத்தபடியே நிற்கின்றன. அம்மூன்றையும் தமிழில் எழுதினால் 'பி.டபிள்யூ.டி.' என்று வரும். பொதுப்பணித் துறை என்று எவரும் எண்ணிவிடலாகாது!