நன்றி சொல்கிறேன், கணக்கும் கேட்கிறேன்

நான் ஒரு தலித் கத்தோலிக்கன். ஞாயிறு திருப்பலிக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் மாதா தேர் தெருவில் வரும்போது மற்ற மதத்தாரும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். உத்தரப் பிரதேசத்தில் வீட்டுக்குள் ஜெபக் கூட்டம் நடத்துகிறவர்களைத் தேடி போலீஸ் வருகிறது. அங்குள்ள மதமாற்றத் தடைச் சட்டத்தில் 2024 திருத்தத்துக்குப் பிறகு ஆயுள் தண்டனைவரை உண்டு. அந்தப் பயம் இல்லாமல் வாழ்வது சின்ன விஷயமில்லை. எனக்கு நன்றி இருக்கிறது.

ஆனால் அந்த நன்றி யாருக்கு? பெரும்பான்மையினரின் பெருந்தன்மைக்கு அல்ல. மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிற பிரிவு 25 சும்மா கிடைத்துவிடவில்லை. 'பரப்ப' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையிலேயே வாதாடினார்கள். அதை மீறித்தான் அந்தச் சொல் நின்றது. தமிழ்நாட்டில் 2002-இல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை எதிர்த்துச் சிறுபான்மையினரும் தலித் இயக்கங்களும் பெரியாரியர்களும் தெருவில் நின்றார்கள். 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகே அது கைவிடப்பட்டது. என் நன்றி இவர்களுக்கு.

இதே சுதந்திரத்துக்கு என் மக்கள் மட்டும் ஒரு விலை கொடுக்கிறார்கள். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியேதான்.

பழங்குடியினர் கிறிஸ்தவர் ஆனாலும் பழங்குடியினரே. நாடார் கிறிஸ்தவர் ஆனாலும் அதே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார். தலித் ஞானஸ்நானம் பெற்றால் மட்டும் பட்டியல் மாறுகிறது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டவர். தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதி சொல்லித் திட்டினாலும் அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவரைப் பட்டியல் சாதியினராகப் பார்ப்பதில்லை.

அதனால்தான் நம் வீடுகளில் கோயிலுக்கு ஒரு பெயர், சான்றிதழுக்கு ஒரு பெயர். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் தவறாமல் ஆலயம் போனதையும் காட்டிப் பட்டியல் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தது. வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றும் சொன்னது. பூசைக்குப் போவது ஒருவருக்கு எதிரான சாட்சியம் ஆகுமென்றால், அது என்ன மத சுதந்திரம்?

"கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதே, பிறகு ஏன் சலுகை?" என்று கேட்பார்கள். சீக்கியத்திலும் பௌத்தத்திலும் கூடத்தான் சாதிக்கு இடமில்லை. அவர்களைச் சேர்த்தது சரியென்றால் எங்களை விலக்கியது எப்படிச் சரியாகும்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்தது ஒரு சுவர். விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகளைத் தாக்கியவர்கள் அதே ஆலயத்தில் மண்டியிடுகிற சாதிக் கத்தோலிக்கர்கள். அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அடிக்க வருகிறவன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

ஆகவே கணக்கு இரண்டு இடத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிற திருச்சபை, தன் பங்குகளிலும் கல்லறைகளிலும் குருமடங்களிலும் உள்ள சாதியை முதலில் ஒழிக்கட்டும். சிறுபான்மையினர் ஒற்றுமை என்று சொல்லி எங்களை வாய் மூடச் சொல்ல வேண்டாம். ஒன்றிய அரசு 2022-இல் பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்துவிட்டுக் கால நீட்டிப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2007-இலேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடருக்கு அந்த உரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டுவிட்டது. இன்னும் எதை ஆராய வேண்டும்?

தோழர்களே, மதமாற்றத் தடைச் சட்டத்தை எதிர்க்கும்போது இந்த மூன்றாம் பத்தியையும் சேர்த்து எதிர்ப்போம். சிறை காட்டி மிரட்டுவது ஒரு தடை என்றால், சான்றிதழைப் பறித்து மிரட்டுவதும் தடைதான். இரண்டாவது தடைக்கு இப்போது எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது.