வடிகாலுக்கு யார் பொறுப்பு?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. வானிலை மையம் முன்கூட்டியே சொன்னது. ஆட்சியர்கள் கேட்டார்கள். வருவாய்த்துறையும் காவல்துறையும் சேர்ந்து தாழ்வான ஊர் ஜனங்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். பல உயிர்கள் தப்பின. இதை மனசாரப் பாராட்ட வேண்டும்.

உயிரைக் காப்பாற்றச் சேருகிற துறைகள், பயிரைக் காப்பாற்ற ஏன் சேருவதில்லை என்பதுதான் என் கேள்வி.

காற்றில் தென்னை சாய்ந்ததற்கு எந்த அதிகாரியையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவின் சம்பாப் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடப்பது அப்படியல்ல. மழை பெய்வது இயற்கை. தண்ணீர் வடியாமல் நிற்பது நிர்வாகக் கோளாறு.

பெரிய வடிகால் நீர்வளத்துறையிடம். சாலைக்கு அடியில் போகும் குழாய் நெடுஞ்சாலைத்துறையிடம். ஊர் வாய்க்கால் ஊராட்சியிடம். ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த்துறை. பெரிய வடிகாலைத் தூர்வாரியிருப்பார்கள். அதில் வந்து சேரும் ஊர் வாய்க்காலில் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கும். கேட்டால், "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க" என்பார்கள்.

பயிர் அழுகிய பிறகு மட்டும் வருவாய்த்துறையும் வேளாண்மைத்துறையும் கூட்டாக வயலுக்கு வந்து, சேதம் 33 சதவீதத்தைத் தாண்டியதா என்று கணக்கெடுக்கிறார்கள். சாவுக்கு வர்ற கூட்டம் வைத்தியத்துக்கு வரலைன்னா என்ன பிரயோஜனம்? அதிலும் பாரம்பரிய நெல் போடுகிற நமக்கு நஷ்டம் இரட்டிப்பு. விதைக்கென்று விட்ட நெல் மூழ்கிப்போனால், எந்த டெப்போவில் போய் வாங்குவது?

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஆணையம் இருக்கிறது. உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் இணைத் தலைவர். திட்டம் போடுவதும் துறைகளை ஒருங்கிணைப்பதும் அதன் வேலை. பருவமழைக்கு முன்பே எல்லாத் துறை அலுவலர்களும் உழவர்களோடு ஒரே நாளில் வடிகாலை நடந்து பார்க்கட்டும். எந்த அடைப்பை யார், எந்தத் தேதிக்குள் எடுப்பது என்று எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும்.

நம் பங்கும் இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று, "என்ன ஆச்சுங்க?" என்று கணக்குக் கேளுங்கள். மழை வந்த பிறகு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இது சுலபம்.