கருவி வந்தது, கற்பிப்போருக்குத் துணை எங்கே?

பாடசாலை ஒன்றுக்குத் திறன்பலகை வழங்கப்படும் நாளிலே மாலை மரியாதைகளுக்கும் மேடைப் பேச்சுகளுக்கும் குறைவிருப்பதில்லை. அப்பலகையை மறுநாட் காலையில் இயக்கவேண்டியவர் ஆசிரியர். அவரை அவ்விழாவில் நினைப்பவர் அரியர். சில மாதங்கள் சென்றபின் பலகை உறையிட்டு மூடப்பட்டிருக்கக் கண்டால் மட்டும், “ஆசிரியருக்கு ஆர்வமில்லை” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பு நீதியானதன்று.

தயங்கும் ஆசிரியர் யார்? பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகளாக வெண்கட்டியும் கரும்பலகையும் கொண்டு செவ்வையாகக் கற்பித்து வருபவரே. நாற்பது பிள்ளைகளின் முன்னிலையிலே கருவி இயங்க மறுத்தால், பின்வரிசையிலிருந்து எழும் சிரிப்பு தமது மதிப்பைக் குலைத்துவிடுமே என்பதுதான் அவருடைய அச்சம். சோம்பல் என்று நாம் பெயரிடுவது பல வேளைகளில் இந்த மான உணர்ச்சியே. சுற்றறிக்கையால் அதனைப் போக்கிவிட முடியுமா?

முடியாது என்பதற்கு அண்மைக் காலமே சான்று. 2020 மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதற்கு முன் கணினியை நாடாதிருந்த ஆசிரியர் பலரும் வாட்ஸ்அப் குழுக்கள் வாயிலாகப் பாடங்களை அனுப்பினர். தம் குரலைப் பதிவுசெய்து விளக்கமளித்தனர். அவர்களை அந்நிலைக்குக் கொண்டுவந்தது பயிற்சிப் பட்டறையன்று. தேவை முன்னே நின்றது. சக ஆசிரியரோ சொந்தப் பிள்ளையோ அருகிருந்து சொல்லிக் கொடுத்தனர். தவறினால் நகைப்பதற்கு வகுப்பு எதிரில் இருக்கவில்லை.

நமது கமக்காரருக்கு இவ்வுண்மை புதியதன்று. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே துலா மிதித்து இறைத்தவர்கள் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மாறியது சொற்பொழிவு கேட்டன்று. அயற் தோட்டத்திலே அது இறைப்பதைக் கண்டு, இயக்கிப் பழகி, பழுதானால் திருத்துவதற்கு ஊரில் ஒருவர் உண்டு என்று தெரிந்த பின்னரே துணிந்தனர். உழவனுக்குப் பொருந்துவது உபாத்தியாயருக்குப் பொருந்தாதா?

கருவியை மட்டும் நம்பியவர்கள் கண்ட பயனையும் நோக்குவோம். தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டிலே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிகணினிகள் வழங்கப்பட்டும், அவை கற்பித்தலோடு இணைக்கப்படாமையால் கல்வி உயரவில்லை என்று 2023 இல் வெளியான யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கை எடுத்துக்காட்டியது. பெருவுக்குக் கிடைத்த பாடத்தை நாம் பணங்கொடுத்து மீண்டும் வாங்க வேண்டுமா?

ஆகவே செய்யவேண்டுவன சிலவற்றை இங்கு கூறுவோம். பயிற்சி வலயப் பணிமனை மண்டபத்திலே ஒரு நாளில் முடிந்துவிடலாகாது. ஆசிரிய ஆலோசகர் பாடசாலைக்கே வந்து, அங்குள்ள பலகையிலேயே, அந்த ஆசிரியர் அடுத்த வாரம் கற்பிக்கவிருக்கும் பாடத்தையே அவரோடிருந்து ஆயத்தஞ்செய்ய வேண்டும். கருவியில் தேர்ந்த இளம் ஆசிரியரையும் கற்பித்தலில் முதிர்ந்தவரையும் இருவராக இணைத்தால், ஒருவர் கருவியையும் மற்றவர் வகுப்பை நடத்தும் கலையையும் கற்பர், எவருக்கும் இழுக்கில்லை. இதற்கென வாரத்தில் ஒரு பாடவேளையை அதிபர் ஒதுக்கிக் கொடுப்பதோடு, தாமே முதலிற் பழகவும் வேண்டும்.

வழிகாட்டிகள் தமிழில் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். மருத்துவத்தையே தமிழிற் கற்பித்த மண்ணிலே ஒரு பலகையை இயக்கும் முறையைத் தமிழிற் சொல்ல முடியாதென்பது வெட்கத்துக்குரியது.

மின்சாரமும் திருத்துவோரும் இன்றியமையாதவர்கள் போன்றே, கரும்பலகையும் இருக்கவேண்டும். 2022 இல் நாள்தோறும் பல மணி நேரம் மின் துண்டிக்கப்பட்டதை மக்கள் மறக்கவில்லை. மின் நின்றாலும் பாடம் நில்லாதவாறு ஆயத்தமாயிருக்கும் ஆசிரியருக்கே கருவியின்மீது அச்சம் நீங்கும். எந்தப் பாடத்துக்குக் கருவி வேண்டும், எதற்கு வெண்கட்டியே போதும் என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதே. பலகை எத்தனை மணி நேரம் எரிந்தது என்று கணக்கெடுத்து அவரை அளப்பது பேதைமையாகும்.

வடக்கு, கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களங்களையும், பிறந்த ஊரின் பள்ளிக்கு அள்ளிக் கொடுக்கும் பழைய மாணவர் சங்கங்களையும் நாம் ஒன்று கேட்கின்றோம். அடுத்த கருவியை வாங்குமுன், சென்ற முறை கொடுத்தது எவ்வாறிருக்கிறது என்று அதனைப் பயன்படுத்தவேண்டிய ஆசிரியரிடமே கேளுங்கள். கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கும், ஆசிரியர் அருகிருந்து சொல்லிக் கொடுப்பவருக்கும் ஒதுக்குங்கள். நகரத்துப் பெரும் கல்லூரியிற் பலகை ஒளிர, வன்னியிலும் படுவான்கரையிலும் அது உறைக்குள் உறங்குமானால், இழப்பு ஏழைக் கமக்காரனின் பிள்ளைக்கே. அப்பிள்ளைக்கு வேறு வழியில்லை. அதன் ஆசிரியரைத் துணிவுடையவராக்குவதே வழி.