சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

போன தீபாவளிக்குக் கேரி தீவில், சித்தி வீட்டில் உட்கார்ந்து தம்பியோடு நெட்ஃபிலிக்ஸில் 'பார்பேரியன்ஸ்' பார்த்தேன். கி.பி. 9இல் டியூட்டோபர்க் காட்டில் மூன்று ரோமானியப் படையணிகளை ஜெர்மானியக் குடிகள் அழித்த கதை. ஆறாவது பாகம் முடிந்ததும் தம்பி பெருமூச்சு விட்டான். "நமக்குத்தான் இப்படி ஒரு கதை இல்லண்ணே."

எனக்கு அவன்மேல் கோபமில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்ட நம்மேல்தான்.

1941இல், தீவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லாத கிள்ளான் வட்டாரத்தில், ரப்பர் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னே நின்றவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத் தலைவரும் 'தமிழ் நேசன்' பத்திரிகைக்காரருமான ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். மே மாதம் நாதன் கைதானார், பிறகு நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

நம் தோட்டக் கதைகளில் இவர்கள் எங்கே? லயம், கள்ளு, கண்ணீர். இந்த மூன்றைத் தாண்ட நமக்கு மனசு வரவில்லை. கள்ளுக்கடையை மூடு என்று கேட்டவனையும் குடிகாரனாகவே எழுதி, அவனுக்காக அழுகிறோம். இரக்கம் எழுத சுலபம். எதிர்த்து நின்றவனை எழுதினால், அவன் யாரை எதிர்த்தான் என்றும் எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் வெள்ளைத் துரை மட்டுமில்லை, நம்மூர்க் கிராணியும் இருக்கிறார். சுட வந்ததும் இந்தியச் சிப்பாய்கள்தான். ரோமிலேயே வளர்ந்து, ரோமானியப் படையில் அதிகாரியான அர்மீனியஸின் தடுமாற்றத்தை வாய்பிளந்து பார்க்கிறோமே, அதே தடுமாற்றம் நம் தாத்தாக்களுக்கு இருந்திருக்காதா?

"பட்ஜெட் இல்ல ப்ரோ" என்பார்கள். மூன்று படையணி வேண்டாம். ஒரு செம்மண் ரோடு, ஒரு சைக்கிள், எதிரே வரும் துரை. இறங்குவானா, மாட்டானா? முதல் பாகத்துக்கு அது போதும்.

இந்தத் தீவு இன்னமும் கேரி என்ற தோட்டத்துரையின் பெயரைத்தான் சுமக்கிறது. சுடப்பட்டவர்களுக்கு ஒரு கதையாவது வேண்டாமா?